தென்பங்குச் சக்கரங்கள்

ஏனாத்தூரில் வீட்டைப் பிரித்துக்கொண்டவர்கள் உண்டு. கிணற்றைப் பிரித்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரே மாமரத்தில் கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டு காய் பறித்தவர்களும் உண்டு. காரைப் பிரித்தவர்கள் பஞ்சாட்சரமும் அவர் தம்பி கண்ணாயிரமும்தான். அதையாவது குறுக்கே பிரித்திருந்தால் பிழைத்துப் போயிருப்பார்கள். நெடுக்கே பிரித்தார்கள்.

பாகம் கேட்டது கண்ணாயிரம். ஐயம்பேட்டையில் இருந்த நெல் மிஷினுக்குப் புது மோட்டார் வாங்குவதில் பேச்சு முற்றி, "அப்படின்னா என் பாகத்தப் பிரிச்சிக் குடு" என்று வாய்க்கு வந்ததை அவன் சொல்ல, "எடுத்துக்கினு போ" என்று அவரும் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் யாராவது ஒருவர் 'நேத்து ஏதோ கோவத்துல பேசிட்டேன்' என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளை எவனுக்கும் வாய் கிடையாது.

தாய்மாமன் வீரபத்திரன் வந்து உட்கார்ந்து நிலத்தைப் பிரித்தார். மிஷினை இரண்டு பேரும் சேர்ந்தே நடத்தட்டும் என்றார். வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்தார். ஊர் வழக்கப்படி மூத்தவருக்குத் தெற்குப் பங்கு, இளையவனுக்கு வடக்குப் பங்கு. மிச்சம் நின்றது அப்பா வாங்கிய அம்பாசிடர் கார். விற்றுவிடுங்கள் என்றார் மாமன். ஏனாத்தூருக்குள் முதன்முதலில் நுழைந்த கார் அது. விற்க முடியாது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

மாமனுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. எழுந்து கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். கார் கிழக்குப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"தெக்குப் பக்கம் பெரியவனுது, வடக்குப் பக்கம் சின்னவனுது. கதவு, வெளக்கு, சக்கரம் எல்லாம் அவனவன் பக்கத்த அவனவன் பாத்துக்கங்க. ஓட்றது சின்னவன். முடிஞ்சிது, எல போடுங்க" என்றார்.

"கார் மேக்கால திரும்புனா தெக்கு வடக்கா ஆயிடுமே மாமா?" என்று கண்ணாயிரம் கிண்டலாகத்தான் கேட்டான்.

"கொட்டாயில நிக்கிறப்போ எப்படியோ அப்படித்தான்" என்று மாமன் கை கழுவப் போய்விட்டார்.

ஆக, வலப்பக்கம் அண்ணனுக்கு, இடப்பக்கம் தம்பிக்கு. ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. கார் ஓட்டவே தெரியாத பஞ்சாட்சரத்தின் பங்கில் உட்கார்ந்துதான் கண்ணாயிரம் தினமும் மிஷினுக்கு ஓட்டவேண்டும். ஸ்டெப்னி பொது. பொது என்றதால் அதற்கு யாரும் காற்றடிக்கவில்லை.

கொஞ்ச காலம் ஒரு தொல்லையும் இல்லை. பழைய டயர்கள் நான்கும் வழுவழுவென்று தேய்ந்து, மாற்றியே ஆகவேண்டும் என்று வந்தபோதுதான் வினை பிடித்தது. நைலான் டயர் அப்போது புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்தது. கெட்டியான டயர், கல்லும் முள்ளும் ஒன்றும் செய்யாது, நாள்பட உழைக்கும் என்று கேள்விப்பட்டுக் கண்ணாயிரம் தன் பக்கத்துக்கு இரண்டு நைலான் டயர் வாங்கினான். அதைக் கேட்டதும் பஞ்சாட்சரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. பட்டு நெய்கிற ஊரில் நைலான் புடவை கட்டிக்கொண்டு பெண்கள் நடமாட ஆரம்பித்ததிலேயே அவருக்கு வயிற்றெரிச்சல்.

"நைலான் பொடவையே என் வாசப்படி ஏறக்கூடாதுன்றேன். நைலான் டயர் மேல நான் உக்காரணுமா?" என்று அவர் அப்பா காலத்துப் பருத்தி நூல் டயரையே தேடிப் பிடித்து இரண்டு வாங்கினார். உட்கார்ந்தால் மெத்துமெத்தென்று இருக்கவேண்டும் என்று காற்றையும் குறைத்தே அடிக்கச் சொன்னார். மாறிப் போகாமல் இருக்க, தன் டயர்கள் இரண்டிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டும் வைத்துவிட்டார்.

அன்று முதல் கண்ணாயிரத்துக்குச் சனி. வலப்பக்கம் இரண்டும் மெத்தை, இடப்பக்கம் இரண்டும் கல். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் கார் வலப்பக்கம் நகரும். எதிரே லாரி வருகிற பக்கம். பிரேக்கை மிதித்தால் அந்தப் பக்கமே பாயும். பள்ளத்தில் இறங்கினால் இடப்பக்கம் தூக்கிப் போடும், வலப்பக்கம் அமுங்கி எழும். ராத்திரி முழுக்க நின்ற நைலான் டயர், தரையில் படிந்த இடம் தட்டையாகிப் போய், காலையில் ஓடிச் சூடேறும்வரை தட்தட்டென்று தட்டிக்கொண்டே வரும். பின்சீட்டில் தன் பக்கமாக உட்கார்ந்திருக்கும் பஞ்சாட்சரம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "வடக்குப் பக்கம் நொண்டுதே" என்பார். தினமும் சொல்வார். ஒருநாள் மறந்திருக்கலாம் அந்த மனுஷர்.

இத்தனைக்கும் இது ஒன்றும் தீராத வியாதி இல்லை. கண்ணாயிரம் மீசை முளைக்கும் முன்பே மிஷின் லாரியை ஓட்டிப் பழகினவன். ஒரே ஜாதி டயர் இரண்டும் முன்னால், இன்னொரு ஜாதி இரண்டும் பின்னால் என்று போட்டால் இழுப்பு நின்றுவிடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். முன் வலது சக்கரத்தையும் பின் இடது சக்கரத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றவேண்டும், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த ஷபியுல்லாவும் அதையேதான் சொன்னார்.

"ஒரு டீ குடிக்கிற நேரத்துல மாத்திட்லாம்ணே. இல்லாட்டி நீயும் ரெண்டு நூல் டயரு வாங்கிப் போட்டுக்க. ஏன் இந்த அவஸ்தை?"

"நான் ஏன் பாய் வாங்கணும்? நைலான அவர் வாங்கட்டுமே."

"அவரு ஏன் நான் வாங்கணும்னு கேப்பாரே."

"கேட்டுக்கினு இருக்கட்டும்."

ஷபியுல்லா சிரித்தார். "ஒரே கார்ல ரெண்டு கார் ஓடுது உங்களுக்கு" என்றார். கண்ணாயிரத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் காலையில் நெசவுக்காரர் வீடுகளுக்கு அரிசி மூட்டை போடப் பிள்ளையார்பாளையத்துக்குள் போனான். தெரு நெடுக, தறியில் ஏற்றுவதற்காகக் கஞ்சி போட்ட பட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் காயவைத்திருந்தார்கள். அதை ஒட்டிக் கார் நுழைய இடம் இருந்தது. குறுக்கே ஒரு நாய் ஓட, பிரேக்கில் கால் வைத்தான். வைத்ததுதான் தாமதம், வலப்பக்கமாகப் போய்க் கதவுக் கைப்பிடி பாவில் உரசி நின்றது. பாவுக்குச் சொந்தக்காரி ஜெயம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது? மாசக்கணக்கா சோறு போடற பாவுய்யா இது!"

நல்லவேளை, இழை ஒன்றும் அறவில்லை. ஆனால் தெருவே கூடி அவனைப் பார்த்தது. இத்தனை வருஷம் ஓட்டியதில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காதவன், புதிதாக ஓட்டப் பழகுகிறவனைப் போல் நின்று வசவு வாங்கினான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே வந்தான். அண்ணனிடம் போய் நியாயம் கேட்க வாய் துடித்தது. நடுச்சுவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு வடக்கு வாசலில் நுழைந்துவிட்டான்.

பஞ்சாட்சரத்தின் மனைவி லோகாம்பாளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது அந்தச் சமயத்தில்தான். இரண்டு கண்ணிலும் புரை. தாயில்லாத பிள்ளையாக இருந்த கண்ணாயிரத்தைத் தன் இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரி அனுப்பியதும், விஷக்காய்ச்சலில் கிடந்தபோது மடியில் போட்டுக்கொண்டு தூங்காமல் இருந்ததும் அவள்தான். சுவர் வந்தபிறகு அவள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் தட்டுத்தடுமாறிப் பாத்திரத்தைக் கீழே போடுகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உயிர் போய் உயிர் வரும்.

பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரியில் முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். நன்றாக முடிந்தது. வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொன்ன டாக்டர், ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: தையல் இன்னும் பச்சையாக இருக்கிறது, தலை அதிரக்கூடாது, வழியில் குலுக்கல் கூடாது, இடி எதுவும் படக்கூடாது, பட்டால் அந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பில்லை. பஞ்சாட்சரம் ஊருக்கு வந்து, தம்பியிடம் நேரில் சொல்லாமல், வாசலில் நின்று வேலைக்காரனிடம் சொல்வது போல் உரக்கச் சொன்னார்.

கேட்டதும் கண்ணாயிரம் தெற்கு வாசலில் ஏறினான். சுவர் எழும்பியபின் அதுதான் முதல் தடவை.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேளு. உன் டயரு ரெண்டும் மெத்துனு இருக்குது. அத ரெண்டயும் பின்னால போட்டுட்டா, அண்ணி உக்கார்ற எடம் அலுங்காது. என்னுது ரெண்டயும் முன்னால போட்டுட்டா வண்டி நேரா போவும். போய் வந்ததும் பழையபடி மாத்திடறேன்."

நல்ல யோசனைதான். பஞ்சாட்சரத்துக்கும் அது ஒரு நிமிஷம் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. அப்புறம் எங்கிருந்தோ ரோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"என்னுத பின்னால தள்ளிட்டு உன்னுத முன்னால வப்பே. என் டயரு உன் பக்கத்துக்குப் போவும், உன் டயரு என் பக்கத்துக்கு வரும். இப்படித்தான்டா வரப்ப வெட்டுவானுங்க. இன்னிக்கு ஒரு சாண், நாளைக்கு ஒரு மொழம்."

"வரப்பா? இது சக்கரம்ணா! அண்ணிக்காகக் கேக்கறேன்."

"அண்ணி மேல இருக்கற அக்கறை பாகம் கேக்கும்போது எங்க போச்சி?"

சரி, ரயிலிலாவது கூட்டிவரலாம், ரயில் குலுங்காது என்று சொல்லிப் பார்த்தான். "வாசல்ல காரு நிக்கிது, பொண்டாட்டிய ரயில்ல ஏத்திக்கினு வந்தான்னு ஊர் சிரிக்கணும், அதானே?" என்று அதையும் தட்டிவிட்டார். கண்ணாயிரம் படியிறங்கும்போது கதவு நிலையில் கையால் ஓங்கி அறைந்தான். கை வீங்கியதுதான் மிச்சம்.

பஞ்சாட்சரம் அன்றைக்கே பஸ் ஏறிப் பட்டணம் போய் மனைவியோடு இருந்தார். மறுநாள் காலையில் கண்ணாயிரம் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நேரே ஷபியுல்லா கடையில் நிறுத்தினான்.

"மாத்துங்க பாய்."

"பெரியவரு சொல்லிட்டாரா?"

"மாத்துங்கன்றேன்."

முன் வலது பின்னுக்குப் போயிற்று, பின் இடது முன்னுக்கு வந்தது. நைலானில் காற்றையும் கொஞ்சம் இறக்கினார்கள். ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணாயிரம் பயந்து பயந்து ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பார்த்தான். கார் நேராகப் போனது. இன்னும் தளர்த்தினான், அப்போதும் நேராகவே போனது. பிரேக்கை மிதித்தால் போட்ட இடத்தில் நின்றது. அவனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஒரு வருஷமாக இதற்காகத்தானா இந்தப் பாடுபட்டோம் என்று சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சுங்குவார்சத்திரம் தாண்டி வயல்காட்டு நடுவில் வாய்விட்டுப் பாடிக்கொண்டே போனான்.

திரும்பும்போது பின்சீட்டில் வலப்பக்கம் லோகாம்பாள், தலையணையில் சாய்ந்து, ஒரு கண்ணில் கட்டோடு இருந்தாள். மறு கண் பாதிதான் தெரியும். பஞ்சாட்சரம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். பூந்தமல்லி தாண்டியும் அவள் முகம் சுளிக்கவில்லை.

"ஏம்பா கண்ணாயிரம், புது வண்டியா இது? தூளியில போற மாதிரி இருக்குது" என்றாள்.

சுவர் வந்தபிறகு இன்றைக்குத்தான் அவள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "பழசுதான் அண்ணி" என்று மட்டும் சொன்னான்.

ஸ்ரீபெரும்புதூரில் இளநீர் வாங்க நிறுத்தினார்கள். பஞ்சாட்சரம் இறங்கிக் காலை நீட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். முன்பக்கம் வலது சக்கரத்தில் மஞ்சள் பொட்டு இல்லை. பின்னால் போய்ப் பார்த்தார். இடது சக்கரத்தில் மஞ்சள் பொட்டு இருந்தது.

"டேய்! எவண்டா இத மாத்துனது?"

"நான்தான். இம்மாந்தூரம் அண்ணி அலுங்காம வந்தாங்களா இல்லையா?"

"நான் வாணாம்னு சொல்லிட்டு வந்தேனா இல்லையா? என் வார்த்தைக்கு அவ்ளோதான் மரியாத. திருட்டுத்தனமா மாத்திக்கினு வந்திருக்கே. எடுடா ஜாக்கிய. என் சக்கரம் என் பக்கத்துக்கு வந்தாத்தான் நான் ஏறுவேன்."

"ஊட்டுக்குப் போய் மாத்தறேண்ணா. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"நீ ஓட்றதே என் பங்குல உக்காந்துக்கினுதான்டா. அது ஞாபகம் இருக்கட்டும்."

இளநீர்க்காரன் வெட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். அந்த இடத்தில் கண்ணாயிரம் ஒன்று செய்திருக்கலாம். அண்ணன் காலில் விழுந்திருக்கலாம். இல்லை, 'நீ பஸ்ல வா' என்று அவரை விட்டுவிட்டுக் காரை எடுத்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. ஒரு வருஷத்து எரிச்சல் மொத்தமும் மண்டைக்கு ஏறியது. 'அப்படியா? உன் பங்கு உனக்கு வேணுமா? வச்சிக்கோ. குலுங்கட்டும். அப்பத்தான் தெரியும் உனக்கு' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு ஜாக்கியை எடுத்துவிட்டான்.

காரை உயர்த்துமுன் லோகாம்பாளை இறக்கிப் புளியமர நிழலில் உட்காரவைத்தார்கள். காற்றில்லாத ஸ்டெப்னியை முட்டுக்கொடுத்து, ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி, சட்டை நனைய நனைய, பேசாமல் முறுக்கினான். பஞ்சாட்சரம் குடையைப் பிடித்துக்கொண்டு பொட்டு சரியான பக்கம் வந்ததா என்று பார்த்துக்கொண்டு நின்றார். "வாண்டாம்பா, அப்படியே போய்டலாம்பா" என்று மரத்தடியிலிருந்து லோகாம்பாள் சொன்னாள். இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கார் மறுபடியும் வலப்பக்கம் இழுத்தது. கண்ணாயிரம் பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் இழுத்துப் பிடித்தான். சுங்குவார்சத்திரத்துக்கு முன்னால், எதிரே ஒரு லாரி வந்தது. அதே நேரம் ஓரத்திலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி ரோட்டில் குதித்தது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. கார் லாரியைப் பார்த்துப் பாய்ந்தது. உயிர்ப்பயத்தில் அவன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். ரோட்டைவிட்டு இறங்கி, கல்லில் ஏறி, ஒரு வேலிப்புதரில் முட்டி நின்றது. பின்னால் கதவுத் தூணில் ஏதோ இடிக்கிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"ஏங்க" என்றாள் லோகாம்பாள், மெதுவாக. "கட்டு ஈரமாவுதுங்க."

பஞ்சாட்சரம் கட்டைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார். பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு, வெள்ளை வேட்டியோடு மண்ணில் மண்டிபோட்டு, முன் வலது சக்கரத்தின் நட்டைத் திருகப் பார்த்தார். வாழ்க்கையில் ஸ்பானர் பிடிக்காத கை. கழற்றுகிற பக்கம் எது என்றுகூடத் தெரியாமல் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாத்துடா கண்ணாயிரம். நீ சொன்ன மாதிரியே மாத்திடு. பின்னால போட்டுக்க, எங்க வேணா போட்டுக்க. மாத்துடா."

இந்த வார்த்தைக்காக ஒரு வருஷம் காத்திருந்தவன் கண்ணாயிரம். இப்போது கேட்டபோது அவனுக்கு அண்ணனை அடிக்கவேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

"அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லண்ணா. ஏறு."

பட்டணத்துக்கே திருப்பினான். வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்த காரை, தோள் இற்றுப்போகிற மட்டும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே ஓட்டினான். இடது சக்கரம் சின்னக் கல்லில் ஏறி இறங்கின ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து அண்ணி மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. நான் வாங்கின டயர், நான் வாங்கின டயர் என்று அவனுக்கு மனசு அடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்தார். விளக்கை வைத்துப் பார்த்தார். தையல் பிரிந்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது, இந்தக் கண்ணுக்கு இனிமேல் பார்வை வராது என்று சொன்னார். அப்புறம் கோபமாகத் திரும்பினார்.

"அவ்வளவு சொல்லி அனுப்பினேனே. எப்படி ஆச்சு இது?"

பஞ்சாட்சரம் வாயைத் திறந்தார். கண்ணாயிரமும் திறந்தான். இருவருக்கும் சத்தம் வரவில்லை. கட்டிலில் படுத்திருந்த லோகாம்பாள், பாதி தெரிகிற மற்றக் கண்ணைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"ரோடு சரியில்லீங்க டாக்டரு" என்றாள்.

அந்த ரோடு அந்த வருஷம்தான் புதிதாகத் தார் போட்ட ரோடு.